பொன்னிறக் குருதி: ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தைப் பார்ப்பது எப்படி

சண்டைப் படம் என்று நம்பி, கிங் ஹூ இயக்கிய சீனப் படமான ‘எ டச் ஆஃப் ஜென்’னைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் வாள் உறையை விட்டு வெளியே வருவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவரை திரையில் சிலந்தி வலைகள், இடிந்துபோன ஓர் எல்லைக் கோட்டை, படம் வரைந்தும் எழுத்து எழுதிக் கொடுத்தும் பிழைக்கிற ஒரு படிப்பாளி, முப்பது தாண்டியும் மகன் கல்யாணம் செய்துகொள்ளவில்லையே என்று புலம்புகிற அம்மா. கடைசி அரை மணி நேரத்துக்கு வரும்போது அந்தப் படிப்பாளியும் ஓரத்துக்குப் போய்விடுகிறான். வாள் ஏந்திய பெண்ணும் ஓரத்துக்குப் போய்விடுகிறாள். ஒரு பிக்கு (பௌத்தத் துறவி) மட்டும் மிஞ்சுகிறார். அவர் உடலிலிருந்து வழிவது சிவப்பு ரத்தம் அல்ல, பொன்.

“கடைசியில் திடீரென்று சாமியார் வந்து கதையைப் பறித்துக்கொள்கிறார்” என்பதுதான் இந்தப் படத்தின் மேல் வழக்கமாக வைக்கப்படும் புகார். அந்தப் பிக்கு திடீரென்று வரவில்லை. படம் முதல் காட்சியிலிருந்தே அவரை நோக்கித்தான் நகர்கிறது. அது கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம், படம் வெளியான விதம்.

இயக்குநர் கிங் ஹூ பெய்ஜிங்கில் பிறந்து, 1949-இல் ஹாங்காங் வந்து, ஷா பிரதர்ஸ் நிறுவனத்தில் ‘கம் டிரிங்க் வித் மீ’ (1966) எடுத்துப் பெயர் வாங்கியவர். அதன் பிறகு தைவானுக்குப் போய் 1967-இல் ‘டிராகன் இன்’ எடுத்தார். அது பெரிய வெற்றி. அந்த வெற்றி கொடுத்த துணிச்சலில் 1968-இல் தொடங்கியதுதான் இந்தப் படம். இழுத்துக்கொண்டே போனது. முதல் பாகம் 1970-இல் தைவானில் வெளியானபோது இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பே முடியவில்லை. மூங்கில் காட்டுச் சண்டையை முதல் பாகத்தின் உச்சமாக வைத்து முடித்தார்கள். 1971-இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அதே சண்டையை மறுபடி காட்டினார்கள். இரண்டும் சேர்த்து 200 நிமிடம். அதே ஆண்டு நவம்பரில் ஹாங்காங்குக்காக ஒரே படமாக ஒட்டியபோது 187 நிமிடம். இப்படிப் பிரிக்கும்போது என்ன ஆகிறது? நடுவில் இருக்க வேண்டிய சண்டை முடிவாகிவிடுகிறது. முடிவில் இருக்க வேண்டியது வால் போலத் தொங்குகிறது. 1975-இல் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்டுத் தொழில்நுட்பத்துக்கான பெரும் பரிசு வாங்கிய பிறகுதான் வெளியுலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

இன்று பார்ப்பதென்றால் 2015-இல் 4கே தரத்தில் மீட்டெடுத்த பதிப்பு ஒன்றுதான் பார்க்கத் தக்கது. சுமார் மூன்று மணி நேரம். அந்த மீட்பு வேலைக்குப் பணம் கொடுத்தவர் படத்தின் நாயகி ஷூ ஃபெங். பின்னாளில் தயாரிப்பாளராகி, 1993-இல் கானின் உயர்ந்த விருதான தங்கப் பனையை வாங்கிய ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’ படத்தைத் தயாரித்தவரும் அவரே. இணையத்தில் உலவும் பழைய பிரதிகளைத் தவிர்க்கச் சொல்வது தரப் பித்தால் அல்ல. இது அகலத் திரைப் படம். கிங் ஹூ ஒருவரை இடது ஓரத்திலும் இன்னொருவரை வலது ஓரத்திலும் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விடுகிறவர். பக்கவாட்டில் வெட்டித் தொலைக்காட்சிக்குச் சுருக்கிய பிரதியில் அந்த வெற்றிடம்தான் மிஞ்சும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். கோட்டையில் நடக்கும் இரவுச் சண்டை வெளிறிய பிரதியில் வெறும் கரிய குழம்பு. யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே தெரியாது.

கதையின் வேர் பு சோங்லிங் (1640–1715) எழுதிய விசித்திரக் கதைத் தொகுப்பில் உள்ள சின்னஞ்சிறு கதை. ஏழை ஓவியன், அவன் அம்மா, பக்கத்து வீட்டுக்கு வரும் மர்மப் பெண். தன் தாய்க்கு அவர்கள் செய்த உதவிக்குக் கைம்மாறாக ஓவியனுக்கு ஒரு பிள்ளை பெற்றுக் கொடுக்கிறாள். தந்தையைக் கெடுத்தவனின் தலையை வெட்டிப் பையில் போட்டுக் காட்டிவிட்டு மறைகிறாள். அவ்வளவுதான். மடம் இல்லை, பிக்கு இல்லை, ஞானம் இல்லை. பழி தீர்ந்தது, கடன் அடைந்தது, கதை முடிந்தது.

கிங் ஹூ இதில் இரண்டைச் சேர்த்தார். ஒன்று, வரலாறு. மிங் பேரரசின் தியான்சி ஆட்சியில் விதையடிக்கப்பட்ட அரண்மனை அதிகாரி வெய் சோங்சியென் ரகசியக் காவல் படையான டோங்சாங்கைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டையே ஆட்டி வைத்தான். அவனைக் குற்றம் சாட்டி மனுக் கொடுத்த யாங் லியன் என்ற அதிகாரி 1625-இல் சிறையில் சித்திரவதையில் இறந்தார். அந்தச் சித்திரவதையை நடத்தியவன் ஷூ சியென்சுன். இவர்கள் எல்லாம் உண்மையில் வாழ்ந்தவர்கள். படத்தின் நாயகி யாங் ஹுய்சென் அந்த யாங் லியனின் மகளாகக் கற்பனை செய்யப்பட்டவள். குடும்பத்தையே வேரறுக்க வரும் படையிடமிருந்து தந்தையின் இரண்டு தளபதிகளோடு தப்பி வந்து, பேய்க் கோட்டை என்று ஊர் ஒதுக்கிய இடத்தில் ஒளிந்திருக்கிறாள். கூட வந்த தளபதிகளில் ஷி குருட்டு ஜோசியராகவும் இன்னொருவர் மூலிகை வைத்தியராகவும் வேடம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, பிக்கு ஹுய்யுவான்.

இதில் கவனிக்க வேண்டியது கதை எப்படி ஆள் மாறுகிறது என்பது. முதல் பகுதி படிப்பாளி கு-வின் கண் வழியாக நகர்கிறது. அவன் பார்க்காத எதையும் நாமும் பார்ப்பதில்லை. யாங்கோடு ஓர் இரவு கழித்த பிறகு அவன் அசட்டுத்தனம் போய்விடுகிறது. திட்டம் போடுகிறவனாக மாறுகிறான். அடுத்த பகுதியில் வாள் பேசுகிறது. மூன்றாவதில் வாளுக்கும் வேலை இல்லை. புத்தி, வீரம், துறவு என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் திறமை செல்லாக்காசாகிறது. பிரசங்க வசனங்களை விடக் கதைக்கட்டின் இந்த வரிசைதான் படத்தின் பௌத்தம். ‘நான்’ என்று நாம் பிடித்துக்கொண்டு வந்த ஆளையே படம் நம் கையிலிருந்து உருவிவிடுகிறது.

முதல் உருவல் நடப்பது பேய்க் கோட்டையில். துரத்தி வரும் படை பெரியது, ஒளிந்திருப்பவர்கள் ஒரு கைப்பிடி. கு போர்க்கலை நூல்களைக் கரைத்துக் குடித்தவன். நேருக்கு நேர் மோதினால் ஜெயிக்க முடியாது, எதிரியின் பயத்தைத்தான் ஆயுதமாக்க வேண்டும் என்கிறான். அம்மாவை விட்டுக் கோட்டையில் பேய் உலாவுகிறது என்ற வதந்தியைப் பரப்புகிறான். பிறகு இருட்டில் நிற்கும் பொம்மைகள், தானே இயங்கும் பொறிகள், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத சத்தம். வந்த படை இரவில் குலைந்து சிதறுகிறது. வழக்கமான படத்தில் இதோடு வெட்டி அடுத்த நாளுக்குப் போயிருப்பார்கள். கிங் ஹூ விடிந்த பிறகு கு-வை அந்தக் கோட்டைக்குள் நடக்க விடுகிறார். தான் செய்த பொம்மையைப் பார்த்துச் சிரிக்கிறான். பொறியை இயக்கிப் பார்த்துச் சிரிக்கிறான். வாய்விட்டு, தனியாக, சொந்தப் புத்திசாலித்தனத்தை ரசித்துச் சிரிப்பு. கேமரா அவசரப்படுவதில்லை. சிரித்துக்கொண்டே போகிறவன் பிணங்களின் நடுவே வந்து நிற்கிறான். சிரிப்பு எங்கே நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றுவிடுகிறது. இறந்தவர்களைப் புதைக்க பிக்குகள் வந்திருக்கிறார்கள், ஹுய்யுவான் தலைமையில். எந்தப் பக்கத்துப் பிணம் என்று அவர்கள் பார்ப்பதில்லை. யாங் காணாமல் போய்விட்டாள்.

படத்தில் எனக்கு மிகவும் உயர்வாகப் படுவது இந்த இடம்தான். மூங்கில் காடும் இல்லை, பொன் ரத்தமும் இல்லை. கொல்லாமை பற்றி இங்கே ஒரு வசனம்கூடக் கிடையாது. தேவையும் இல்லை. கு தன் கையால் ஒருவரையும் தொடவில்லை, கடைசி வரை வாள் ஏந்தவும் இல்லை. ஆனால் திட்டம் அவனுடையது. வினை செய்கையில் மட்டும் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது என்பது பௌத்தத்தின் அடிப்படைப் பாடம். அதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறொரு சண்டைப் படத்தைச் சொல்வது கடினம்.

மூங்கில் காட்டுக்கு வருவோம். எல்லோரும் பேசுவது இதைத்தான். திரையில் ஏறக்குறைய பத்து நிமிடம், எடுக்க 25 நாள். கிங் ஹூவுக்குக் குங்ஃபூ தெரியாது, அதை அவரே ஒளிக்காமல் சொன்னவர். அவருடைய சண்டை பீக்கிங் ஓபராவிலிருந்து வருகிறது. சண்டை அமைத்த ஹான் யிங்ஜியே அந்த மேடையில் பயின்றவர். வில்லன் ஷூ சியென்சுன்னாக நடித்தவரும் அவரே. 1971-இல் புரூஸ் லீ நடித்த ‘தி பிக் பாஸ்’ படத்தில் பெரிய முதலாளியாக வந்த அதே முகம். ஓபரா மரபில் சண்டை என்பது அடி, உதை மட்டும் இல்லை. ஓட்டம், சட்டென்று நிற்பது, ஒரு பார்வை, மறுபடி ஓட்டம். தெருக்கூத்தில் வேஷக்காரர் அடவு முடித்து ஒரு கணம் நின்று கூட்டத்தைப் பார்ப்பாரே, அந்த நிற்றல்தான் இங்கேயும். தாளக் கட்டையும் சேகண்டியும் அந்த நிற்றலைக் குறிக்கின்றன. அடி விழும் இடத்தை விட நிற்கும் இடத்தைக் கவனித்தால் யார் பயந்திருக்கிறார்கள், யார் பயப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

பறப்பதற்கு அன்று கணினி இல்லை. பெரும்பாலும் டிராம்போலின்தான், அதாவது குதித்தால் மேலே துள்ள வைக்கும் விரிப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். டிராம்போலினில் குதித்து ஒருவர் ஒன்றரை மீட்டர் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 1.1 விநாடி. விநாடிக்கு 24 பிரேம் என்றால் 26 பிரேம். அதிலும் முதல் சில பிரேமில் முழங்கால் மடங்கி விரிவது தெரியும், “கீழே ஏதோ இருக்கிறது” என்று காட்டிக் கொடுத்துவிடும். உச்சியை நெருங்கும்போது உடல் வேகம் இழந்து தொங்குவது போல இருக்கும், அதுவும் ஆகாது. உருப்படியாகத் தேறுவது ஏழெட்டு பிரேம்தான். கிங் ஹூ அந்த ஏழெட்டு பிரேமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்தார். கிளம்புவது ஒரு துண்டு, இலைகளுக்கு நடுவே கடக்கும் உடல் ஒரு துண்டு, எதிரி அண்ணாந்து பார்ப்பது ஒரு துண்டு, இறங்குவது ஒரு துண்டு. வெவ்வேறு நாளில், வெவ்வேறு கோணத்தில், வெவ்வேறு குதிப்பில் எடுத்தவை. சேர்த்துப் பார்க்கும்போது மனித உடலால் முடியாத ஒரே பாய்ச்சல். தளபதி ஷியின் உதவியோடு எழும்பும் யாங், மூங்கில் உச்சியிலிருந்து தலைகீழாக வாளோடு எதிரியின் மேல் பாயும் இடத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். அந்தப் பாய்ச்சலை முழுமையாகக் காட்டும் ஒரு ஷாட்கூட இல்லை. எல்லாம் கீற்றுகள். 2000-க்குப் பின் வந்த மூங்கில் காட்டுச் சண்டைகள் பல இதற்கு மரியாதை செய்தவை. ஆனால் அவை கம்பியில் தொங்கவிட்டு முழுப் பறப்பையும் காட்டிவிடுகின்றன, அழகாக இருக்கிறது, திடுக்கிடல் போய்விடுகிறது.

இந்தக் கீற்று முறைக்கும் கடைசிப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. வாள்காரர்களைக் கிங் ஹூ துண்டு துண்டாகக் காட்டுகிறார். பிக்குவை அப்படிக் காட்டுவதில்லை. ஹுய்யுவானும் அவருடைய சீடர்களும் வரும்போது ஷாட்டுகள் நீள்கின்றன, உடல் முழுசாகத் தெரிகிறது, தலைக்குப் பின்னால் வெயில் தெறிக்கிறது. அவர் கையில் ஆயுதம் இல்லை. தாவுவதில்லை, துரத்துவதில்லை. தாக்க வருகிறவன் தன் வேகத்தாலேயே நிலை தடுமாறுகிறான். ஹுய்யுவானாக நடித்த ராய் சியாவோ ஆறடி ஆகிருதி கொண்டவர். ஸ்பீல்பெர்க்கின் ‘டெம்பிள் ஆஃப் டூம்’ (1984) தொடக்கத்தில் ஷாங்காய் தாதாவாக வருபவர் இவரே என்று தெரிந்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

நம் ஊர்ப் பார்வையாளர்களுக்கு இங்கே ஓர் எதிர்பார்ப்பு தடையாக வரலாம். சீனப் பிக்கு, சண்டை என்றதும் காஞ்சியிலிருந்து போன போதிதர்மர், ஷாவ்லின் மடம், பயிற்சி என்று மனம் ஓடும். போதிதர்மரைத் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு, பாரசீகர் என்று சொல்லும் ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பும் உண்டு. அவர் சண்டைக்கலை கற்றுக் கொடுத்தார் என்ற பேச்சு பதினேழாம் நூற்றாண்டு உடற்பயிற்சி நூல் ஒன்றுக்கு முன்னால் கிடைப்பதில்லை. அது எப்படியோ போகட்டும். இந்தப் படத்தில் ஷாவ்லினும் இல்லை, பயிற்சியும் இல்லை. 1978-இல் வந்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ படத்தில் பாதிப் படம் பயிற்சிதான், அறை அறையாக உடம்பைப் பக்குவப்படுத்துவார்கள். இங்கே யாங் மடத்தில் தங்கிக் கற்ற காலம் பின்கதையில் போகிற போக்கில் வந்து போகிறது. ஹுய்யுவானின் பலம் எங்கிருந்து வந்தது என்று படம் விளக்கவே இல்லை.

யாங் குழந்தையைப் பெற்று கு-விடம் ஒப்படைத்துவிட்டுத் துறவு கொள்கிறாள். கு-வையும் குழந்தையையும் ஷூ சியென்சுன் மடக்க வர, அவர்களைக் காக்க யாங்கும் தளபதி ஷியும் மலையிறங்கி வருகிறார்கள். பின்னாலேயே ஹுய்யுவான். தோற்ற ஷூ மனம் திருந்தியவன் போல் பணிகிறான். பிக்கு நம்பி அருகில் விடுகிறார். மறைத்து வைத்த கத்தி பாய்கிறது. பொன் வழிகிறது.

மாயாஜாலம் என்று தள்ளிவிடக் கூடாத காட்சி இது. புத்தருடைய முப்பத்திரண்டு மகாபுருட லட்சணங்களில் ஒன்று பொன்னிற மேனி. பௌத்தம் மன்னிப்புக்கு இடமில்லாததாக எண்ணும் ஐந்து கொடும் வினைகள்: தாயைக் கொல்வது, தந்தையைக் கொல்வது, அருகதரை (ஞானம் அடைந்தவரை) கொல்வது, புத்தரின் உடலில் தீய எண்ணத்தோடு ரத்தம் வரவழைப்பது, சங்கத்தைப் பிளப்பது. கழுகுக் குன்றில் பாறையை உருட்டிவிட்டுப் புத்தரின் காலில் காயம் உண்டாக்கிய தேவதத்தன் இதில் மாட்டியவன். மற்ற வினைகள் எப்போது பழுக்கும் என்று சொல்ல முடியாது. இவை மட்டும் தள்ளிப் போகாமல் அடுத்த பிறவியிலேயே நரகத்தில் சேர்க்கும் என்பது மரபு. ஷூ கத்தியை இறக்கிய சற்று நேரத்திலேயே அவன் கண்ணில் உலகம் நிறம் மாறுகிறது. நெகடிவ் பிம்பமாக, இருளும் ஒளியும் இடம் மாறிய காட்சிகள். புத்தி கலங்கிச் சாகிறான். கிங் ஹூ இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துத்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியல் தெரிந்தவருக்கு அந்தக் காட்சி புதிராக இருக்காது.

கடைசி பிம்பத்தில், அமர்ந்த உருவம் ஒன்றின் தலைக்குப் பின்னால் சூரியன் பிரபாமண்டலமாக நிற்கிறது. காயம்பட்ட யாங் அதை நோக்கித் தள்ளாடி நகர்கிறாள். இப்படி ஒரு ஷாட் எடுப்பது சும்மா இல்லை. சூரியன் வானில் இரண்டு நிமிடத்துக்குத் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒரு தலை சூரியனை மறைத்திருப்பது அதிகம் போனால் பத்துப் பதினோரு நிமிடம். கேமராவை விலக்கினால் அந்த நேரம் இன்னும் குறையும். மேகம் வந்தால் அன்றைய வேலை போச்சு. ஒரு படத்துக்கு ஏன் மூன்று ஆண்டு ஆனது என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. வன்முறை வீண் என்று கோட்டைக் காட்சியில் அத்தனை நுட்பமாகக் காட்டிய படம், முடிவில் எல்லாரையும் விட வலுவான ஒருவரை வரவழைத்துத்தான் பிரச்சினையைத் தீர்க்கிறது. ஹுய்யுவான் அடிக்காவிட்டாலும் ஜெயிக்கிறார். அவரிடம் அந்த அமானுஷ்ய பலம் இல்லாமல் போயிருந்தால் கருணை என்ன செய்திருக்கும் என்ற கேள்வியைப் படம் தொடவில்லை. கத்திக்குத்து அந்தக் கேள்வியின் வாசல் வரை போகிறது. பொன் ரத்தமும் வண்ணச் சுழலும் வந்து கதவைச் சாத்திவிடுகின்றன.

அந்தக் கேள்வியைக் கிங் ஹூ எட்டு ஆண்டு கழித்து எடுத்துக்கொண்டார். 1979-இல் வந்த ‘ரெய்னிங் இன் தி மவுன்டன்’ தென்கொரியாவின் பழைய பௌத்த மடங்களில் எடுத்தது. ஒரு மடம், ஓர் அரிய சூத்திரச் சுருள், அதைத் திருட வந்த பிரபுவும் தளபதியும், அடுத்த மடாதிபதி யார் என்ற போட்டி. ஷூ ஃபெங் இதில் திருடி. சண்டை குறைவு, ஒளிந்தோட்டமும் சூழ்ச்சியும் அதிகம். பொய்க் குற்றம் சுமத்தப்பட்டுத் தண்டனைக் கைதியாக வந்த ஒருவன் மடாதிபதியாகிறான். எல்லோரும் அடித்துக்கொண்ட அந்த மூலச் சுருளைப் பிரதிகள் எடுத்து வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் எரித்துவிடுகிறான். அமானுஷ்யம் எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடியும் அந்தப் படத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் மூங்கில் காட்டை மட்டும் யூடியூபில் பத்து நிமிடத் துண்டாகப் பார்த்துவிட்டு ‘எ டச் ஆஃப் ஜென்’ பார்த்தாயிற்று என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். 1970-இல் தைவான் தியேட்டரில் முதல் பாகத்தோடு வீட்டுக்குப் போனவர்கள் பார்த்ததும் அவ்வளவுதான்.